கோட்டின் மேல் போகும் வண்டி

"பேசாம எமர்ஜென்சி லைட்டு பண்ணும்மா. கரண்டு போனா வூட்டுக்காவது ஆகும்" என்றார் லெக்சரர். வகுப்பே சிரித்தது. அத்தனை பையன்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் கடைசி வருஷப் புராஜெக்டுக்காக எமர்ஜென்சி லைட்டுக்கான படத்தைத்தான் நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதையே செய்து பாஸாகியிருப்பேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். எழுந்து நின்று, "நான் ரோபோ பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ரோபோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லைப்ரரியில் கிடந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்த ஒரு படம்தான். தரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, யாரும் தொடாமல், தானாகப் போகும் ஒரு சின்ன வண்டி. மூன்று பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்யலாம் என்று விதி இருந்தது. என் குழுவில் இருந்த இரண்டு பையன்களும் அன்று சாயங்காலமே வேறு குழுவுக்கு ஓடிவிட்டார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

அது எண்பதுகளின் பின்பாதி. பெரம்பலூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில். அப்பா இல்லை. அம்மா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தாள். காலையில் லாரி வந்து ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் வெள்ளையடித்த மாதிரி திருப்பிக் கொண்டுவந்து விடும். அந்த வருஷம் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, பாதி நாள் இடது கையால் சம்மட்டி பிடித்தாள். தண்ணீர்க்குடத்தைக்கூட அவளால் தூக்க முடியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். அப்ரன்டிஸ் வேலை. எழுத்துத் தேர்வில் நான் தேறிவிட்டேன். ஜூலையில் டிப்ளமா சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும் என்று கடிதத்தில் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ வேலைக்குப் போற அன்னிக்கு இந்தச் சம்மட்டிய கொண்டுபோயி கெணத்துல போடுறேன் பாரு" என்றாள். ஆக, அந்த வண்டி ஓடினால் அம்மா சுரங்கத்துக்குப் போக வேண்டாம். ஓடாவிட்டால் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

வண்டியின் உடம்பைச் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. எண்ணெய் டின்னை வெட்டித் தகடு எடுத்தேன். அரியலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் இரண்டு கிடைத்தது. சக்கரத்துக்கு அம்மாவின் தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டினேன். மொபெட் பேட்டரி ஒன்று. முன்னால் ஒரு சாய்ந்த தகடு, அதில் தரையைப் பார்த்தபடி இரண்டு கண்கள், நடுவில் ஒரு டார்ச் பல்பு. கண் என்று நான் சொல்வது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்ன வட்டச் சில்லு. கருப்புத் தரையில் வெள்ளைக் கோடு போட்டால், இரண்டு கண்ணும் வெள்ளையைப் பார்க்கிற வரை வண்டி நேராகப் போக வேண்டும். வலது கண்ணுக்குக் கருப்பு தெரிந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும். இடது கண்ணுக்குத் தெரிந்தால் வலது பக்கம். இரண்டுக்கும் கருப்பு தெரிந்தால் கோட்டைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கடைசியாகத் திரும்பிய பக்கமே திரும்பிக்கொண்டு கோட்டைத் தேட வேண்டும்.

வாயால் சொல்வதற்கு இவ்வளவுதான். இதை வண்டிக்கு மூளையாக இருக்க வேண்டிய மைக்ரோபிராசசருக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்குள் நான் தலையால் தண்ணீர் குடித்தேன். காலேஜில் பழகுவதற்கு ஒரே ஒரு கிட். ஒரு பலகையில் கொஞ்சம் பட்டன், கொஞ்சம் சிவப்பு எழுத்து. புரோகிராம் என்பது எண்களும் ஏ, பி, சி எழுத்துகளும் கலந்த ஒரு நீளமான பட்டியல். ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். நூறு தட்டி முடித்து, அப்பாடா என்று நிமிரும்போது கரண்டு போகும். கரண்டு போனால் அத்தனையும் போச்சு. திரும்ப முதலிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று தடவை அப்படிப் போன நாளில் கிட்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது.

சந்தேகம் கேட்க ஆளில்லை. லெக்சரரிடம் போய் நின்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "எனக்கே இந்தக் கிட்டு போன வருசந்தாம்மா வந்துச்சு. நானும் இந்தப் பொஸ்தகத்தத்தான் வச்சிப் படிக்கிறேன்" என்றார். அந்தப் புத்தகத்தில் எனக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை யாரோ புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தான். புரோகிராமில் ஒரு இடத்தைக் குறிக்கும் முகவரி எண்ணை, பின்பாதியை முன்னால் போட்டு எழுத வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது தெரியாமல் ஐந்து வாரம் முட்டினேன். வண்டி ஒரு அடி போகும், நிற்கும். பையன்கள் தங்கள் கலர் கலரான ஓடும் விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். "என்ன, ரோபோ தூங்குதா" என்று ஒருத்தன் தினமும் கேட்பான். அவன் முகம் இப்போதும் நினைவிருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் அது கோட்டைப் பிடித்தது. ஆனால் வண்டிக்கும் மேசைமேல் இருந்த கிட்டுக்கும் நடுவில் நீளமான வயர். வண்டி போகப் போக நான் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே குனிந்து போக வேண்டும், ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. "தானாப் போவணும்மா. வயரப் புடிச்சிக்கிட்டு நீ கூடப் போனா அதுக்குப் பேரு ரோபோவா?" என்று லெக்சரர் கேட்டதில் நியாயம் இருந்தது. வயரை அறுக்க வேண்டுமென்றால் புரோகிராமை ஒரு சிப்பில் நிரந்தரமாகப் பதித்து, அதாவது சுட்டு, அந்தச் சிப்பை வண்டியிலேயே வைக்க வேண்டும். சுடுகிற மெஷின் திருச்சியில் ஒரு கடையில்தான் இருந்தது.

திருச்சிக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வந்தேன். வண்டியில் மாட்டினேன். வண்டி அசையவே இல்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் தேடிக் கண்டுபிடித்தேன். கிட்டில் புரோகிராம் இருந்த இடம் வேறு, சிப்பில் இருக்கும் இடம் வேறு. எல்லா முகவரியையும் மாற்றி எழுதியவள் ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். வீடு மாறிய பிறகும் ஒரு கடிதம் பழைய வீட்டுக்கே போன கதை. ஒரே ஒரு எண். மறுபடியும் திருச்சிக்கு ஓடினேன். அந்தச் சிப்பின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாக ஒரு விசேஷ விளக்கைக் காட்டினால் பழைய புரோகிராம் அழிந்துவிடும், திரும்பச் சுடலாம். கடையில் அந்த விளக்கு ஃப்யூஸ் போயிருந்தது. புதுச் சிப் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார் கடைக்காரர். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "உங்க ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம்? கண்ணாடி மேல பாத்த மாதிரி வெயில்ல போட்டு வைங்க. பத்து நாள்ல அதுவே அழிஞ்சிரும்" என்றார்.

அந்தச் சமயம் அம்மா வீட்டில் இருந்தாள். மணிக்கட்டைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு வாரம் சம்மட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். மொட்டை மாடியெல்லாம் எங்களுக்கு ஏது? வாசலில் பாய் விரித்து அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாயின் ஓரத்தில் ஒரு தட்டில் சிப்பை வைத்துவிட்டு, "காக்கா தூக்கிட்டுப் போவாம பாத்துக்கம்மா. இதுலதான் எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு காலேஜுக்குப் போனேன். பத்து நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனால், கடைக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாதிதான் அழிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "நீ சொன்னாப்லதான் பாத்துக்கிட்டேன் பாப்பா. மொளகாயத் திருப்புறப்பல்லாம் அதையும் திருப்பிப் போட்டேன். ஒரு பக்கமே காஞ்சா எப்படிக் காயும்?" என்றாள், நல்ல பெயர் வாங்கப்போகிற முகத்தோடு. அதாவது பத்து நாளில் பாதி நேரம் கண்ணாடி தட்டைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எனக்குக் கண் மண் தெரியவில்லை. நான் அன்றைக்குச் சொன்னதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "உனக்கு என்ன தெரியும்? கல்லொடைக்கிற புத்தி கல்லொடைக்கத்தான் லாயக்கு" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னேன்.

அம்மா மிளகாயை அள்ளி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் லாரி ஹாரன் கேட்டதும் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் படுக்கையில் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

சிப்பை இன்னும் பத்து நாள், இந்தத் தடவை தட்டோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டி, கூரை மேல் வைத்தேன். அழிந்தது. ஒவ்வொரு எண்ணாக நாலு தடவை சரிபார்த்துச் சுட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்து, இது உரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். தேர்வுக்கு முதல் நாள் வாசலைக் கரித்தூள் கலந்த சாணியால் மெழுகினேன். காய்ந்ததும் நல்ல கருப்பாக இருந்தது. கோடு போட வேண்டும். மூன்று விரல் அகலத்துக்கு ஒரே சீராக, வளைந்து வளைந்து. எனக்குக் கோலம் வராது. என் கோடு தொடங்குகிற இடத்தில் ஒரு அகலம், முடிகிற இடத்தில் ஒரு அகலம்.

அம்மா சுரங்கத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் என் சாமான் பக்கமே வருவதில்லை. வீடு பெருக்கும்போதுகூட வண்டி இருக்கிற மூலையை விட்டுவிட்டுப் பெருக்குவாள். "ஒரு கோடு போட்டுத் தாயேம்மா" என்றேன். "நான் தொட்டா கெட்டுப்போவும்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துதான் கேட்டாள். "ஒண்ணும் கெட்டுப்போவாது, வா" என்றேன். மன்னிப்பு கேட்கத் தெரியாத ஜென்மம் நான். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சுண்ணாம்புப் பொடியை இடது கையில் அள்ளிக்கொண்டு அம்மா குனிந்தாள். மூன்று விரலை ஒட்டிவைத்துக்கொண்டு பொடியைத் தரையில் விட்டபடி பின்பக்கமாகவே நடந்தாள். அளவெடுத்த மாதிரி கோடு விழுந்தது. பாதி கோடு போட்டு முடிக்கும் முன்பே எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். வண்டி கிர்ரென்று கிளம்பியது. முதல் வளைவில் திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள், வண்டி தன்னை நோக்கி வருகிறது. பயந்துபோய் இன்னும் வேகமாகக் கோட்டைப் போட்டுக்கொண்டே பின்னால் போனாள். வண்டி விடவில்லை. அவள் எந்தப் பக்கம் வளைத்தாலும் அந்தப் பக்கம் அதுவும் வளைந்தது. வாசல் முழுக்க அம்மாவைத் துரத்திக்கொண்டே போனது. அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பொடியெல்லாம் கொட்டிப்போனது. "ஏ பாப்பா, இது என்னயத் தெரிஞ்சிக்கிட்டு வருதுடி" என்றாள். நானும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

மறுநாள் காலை செந்துறையிலிருந்து அரியலூர் வரும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அரியலூரில் மாறிப் பெரம்பலூர். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "வண்டிக்கு ஒரு பொட்டு வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் புதுச் சைக்கிள் வாங்கினாலும் சரி, மிக்சி வாங்கினாலும் சரி, முதலில் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட மாட்டார்கள். காலேஜ் லேபிலேயே ஒவ்வொரு மெஷின் நெற்றியிலும் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். "வையி, வையி" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். ரிப்பனைக் கட்டி முடிப்பதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. "இரு பாப்பா, இன்னும் ஒண்ணு" என்றாள். "போதும் வுடும்மா, பஸ்ஸு போயிரும்" என்று வண்டியை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டியின் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. சரி, இங்கேதான் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற புராஜெக்டையெல்லாம் நின்றபடியே பார்த்துவிட்டு வந்தவர், என் முன்னால் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து லைட்டா பாத்து கண்ணு பூத்துப்போச்சு. இதுதாம்மா புதுசா இருக்கு. ஓட்டுங்க பாப்பம்" என்றார். லேப் தரையில் கருப்பு அட்டை விரித்து வெள்ளைக் கோடு ஒட்டியிருந்தேன். லெக்சரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையன்கள் பின்னால் கூடிவிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டேன்.

வண்டி இடது பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கோடு ஒரு பக்கம் கிடக்க, அது பாட்டுக்குச் செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்னால் யாரோ "செக்கு, செக்கு" என்றான். எடுத்து மறுபடி கோட்டில் வைத்தேன். மறுபடியும் இடது. மூன்றாவது தடவை வைக்கும்போது சிப்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்திருப்பதைப் பார்த்தேன். நேற்று வாசலில் அடித்த வெயில். இன்றைக்கு லேப் ஜன்னல் வழியாக அடித்த வெயில். நான் இருபது நாள் காயவைத்து அழித்த சிப்பை வெயில் மறுபடியும் தின்றுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க என்னால் முடியவில்லை.

"பதட்டப்படாதீங்க. பத்து நிமிசம் எடுத்துக்கங்க" என்றார் தேர்வாளர். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த எண் அழிந்திருக்கும்? பார்த்து என்ன ஆகப்போகிறது? இங்கே உட்கார்ந்து சிப்பைத் திருத்தவா முடியும்? அவர் குனிந்து வண்டியைப் பார்த்துவிட்டு, "சென்சார்ல ஏதும் தூசி கீசி இருக்கான்னு பாருங்களேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நான் கேட்டேன். என் காதில் விழுந்தது. "இல்ல சார், சிப்புதான் அழிஞ்சிட்டு" என்றேன், வெடுக்கென்று. எனக்குத் தெரியாதா என்கிற குரலில். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஓடலேன்னா நான் எப்படிம்மா மார்க்கு போட முடியும்? அக்டோபர்ல வந்து ஓட்டிக் காட்டுங்க. நல்ல வேலைதான் இது" என்றார். அக்டோபர். எனக்கு ஜூலையில் வேண்டும்.

வராந்தாவில் உட்கார்ந்து வண்டியைப் பெட்டியில் வைக்கப்போனேன். பேட்டரி வயரைக் கழற்றுவதற்காக வண்டியை மல்லாத்தினேன். சாய்ந்த தகட்டில் இடது கண் பளிச்சென்று இருந்தது. வலது கண்ணைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாக, ஓரம்கூடப் பிசகாமல், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். வலது கண்ணுக்கு எப்போதும் கருப்புதான் தெரிந்திருக்கிறது. வண்டி நான் சொன்னபடிதான் கேட்டிருக்கிறது. சிப் அழியவில்லை. ஒரு எண்கூடத் தப்பில்லை.

நகத்தால் சுரண்டினால் போதும். ஓடினேன். தேர்வாளர் லெக்சரர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மார்க் ஷீட்டு உறை இன்னும் ஒட்டாமல் மேசைமேல் கிடந்தது. நான் கதவில் நின்றேன். லெக்சரர்தான் முதலில் பார்த்தார். "என்னம்மா?" என்றார். எனக்குப் பின்னால் வராந்தாவில் அந்த ரோபோ தூங்குதா பையன் நின்றுகொண்டிருந்தான். அம்மா கண்ணுல பொட்டு வச்சிட்டாங்க சார். இதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் முதலில் லெக்சரர் சிரிப்பார். அப்புறம் தேர்வாளர் சிரிப்பார், நல்லவர்தான், ஆனால் சிரிப்பார். அடுத்த காலேஜில் போய்ச் சொல்வார், அங்கேயும் சிரிப்பார்கள். கல்லுடைக்கிற பொம்பளை ரோபோவுக்குப் பொட்டு வைத்த கதை. "ஸ்குரூ டிரைவர வச்சிட்டுப் போயிட்டேனான்னு பாத்தேன் சார். இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரொம்ப வருஷம் நான் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். அந்தச் சிரிப்பு என் மேல் விழக்கூடாது என்றுதான் மூடிக்கொண்டேன். அம்மாவைக் கேட்டிருந்தால், நல்லா சிரிக்கட்டும், நீ பாஸாவு என்றுதான் சொல்லியிருப்பாள். என் கௌரவத்துக்கு அவள் மணிக்கட்டை விலையாகக் கொடுத்தேன். இதற்கு மேல் மழுப்பிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஓடல. புரோகிராம் தப்பாப்போச்சு" என்றேன். அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் தப்புதான் பாப்பா" என்றாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "ரெண்டு கண்ணுக்கும் வச்சிருக்கணும். ஒத்தக் கண்ணுக்குத்தான் வச்சேன், அதுக்குள்ள பஸ்ஸு வந்துட்டு. அரகொறையா வச்சா சாமி எப்படிப் பாக்கும்?" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை.

ஜூலையில் சிமெண்ட் ஆலை இடம் யாருக்கோ போனது. அக்டோபரில் சப்ளிமென்டரி. அன்றைக்கு அம்மா விடியும் முன்பே எழுந்து சந்தனம் குழைத்துவிட்டாள். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தவில்லை. வண்டியை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கின கை நடுங்க நடுங்க, இரண்டு கண்ணுக்கும் அச்சு அசலாக ஒரே அளவில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சோடாக்கடைக்குப் பின்னால் போய், தாவணி முனையைத் தண்ணீரில் நனைத்து இரண்டையும் துடைத்தேன். வண்டி ஓடியது. ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. பாஸ்.

சாயங்காலம் வந்ததும் தாவணியை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன். வெள்ளைத் தாவணி, முனையில் சந்தனமும் குங்குமமும் அப்பிப்போயிருந்தது. "ஏன் பாப்பா நீ தொவைக்கிற, நாளைக்கி நான் தொவைக்கிறேன், குடு" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். "வேணாம்மா, ஒன் கை வீங்கிருக்கு" என்றேன். கறை போகிற வரைக்கும் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. அம்மா சம்மட்டியை மேலே போட்டுவிட்டு, இரண்டு பெண்கள் கைகொடுக்க ஏறினாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். லாரி கிளம்பும்போது அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. "எம்பொண்ணு பாஸாயிட்டா. போன தடவ ஒத்தக் கண்ணுக்குத்தான் வச்சிட்டேன், பாவம், என் தப்பு அது."